நடுக்கூடத்துப் பித்தளைக் கோலம்

"மொதல் பந்தியில எங்க நைனாவுக்கு எல போடணும் சார்."

பாலீஷ் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் கேட்டேன். சத்தத்தில் காதில் விழவில்லை என்று பிறகு யாரும் சொல்லிவிடக் கூடாது.

கேட்கவே கூடாது என்று அம்மா எனக்குச் சொல்லி வளர்த்தது இது ஒன்றைத்தான். "கூலிய ஏத்திக் கேளு. வெயில்ல வேல செய்ய மாட்டேன்னு சொல்லு. சண்ட கூட போடு. அவங்க பந்தியில எடம் மட்டும் கேட்டுடாத." எனக்குச் சொல்பேச்சு கேட்கிற பழக்கம் இல்லை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். காஞ்சிபுரத்தில் பி.ஏ. வரலாறு முடித்தேன். முடித்துவிட்டு, குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே நைனாவின் மெஷினைப் பிடித்தேன்.

கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். வீட்டுக்காரர் சுப்பிரமணி பிளாஸ்டிக் நாற்காலியில். அவர் மனைவி பவளம் மாடிப்படியில், ஈரத்தரையில் கால் படாமல். சென்னையில் ஆபீஸ் வேலை பார்க்கிற மகன் தினேஷ்குமார் போனைக் கிடையாகப் பிடித்துத் தரையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். நைனா மூலையில் குத்தவைத்து, விட்டுப்போன பொத்தல்களில் சிமெண்டுப் பால் தடவிக்கொண்டிருந்தார். நைனா பெயர் டேனியல். காவாந்தண்டலத்துப் பக்கம் மொசைக் தரை என்றால் டேனியல்தான். அம்மா தேவகி, மெஷின் கக்கிய சேற்றுத் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் அவள் துடைப்பம் நின்றது.

சுப்பிரமணி என்னைப் பார்க்கவில்லை. நைனாவைப் பார்த்தார்.

"இன்னாடா டேனியலு, ஒம் பொண்ணு இன்னா கேக்குது?"

"அது சும்மா வெளையாட்டுக்குங்க ஐயா."

"வெளையாட்டு இல்ல," என்றேன். "தரை போட்டது நாங்க. கிரகப்பிரவேசத்துக்கு வாங்கன்னு சொல்லிக்கீறீங்க. வந்தா எங்க உக்காறது? மோட்டார் ரூம் பக்கத்துலயா?"

"காலேஜுல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார் சுப்பிரமணி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் சிரித்தால் நைனாவுக்கு இன்னும் பயம்.

எனக்கு அந்த வீட்டில் ஆத்திரம் ஏறியது தரையால் அல்ல, சுவரால். சென்னையிலிருந்து அரவிந்தன் என்று ஒரு ஓவியரைக் கூட்டிவந்திருந்தார்கள். கூடத்துச் சுவர் முழுக்கப் பல்லவர் காலத்து ஓவியம் மாதிரி தேவதைகள், யானைகள், தாமரைக் குளம் எல்லாம் வரைந்தார். நல்ல வேலை, பொய் சொல்ல மாட்டேன். அவருக்கு மாடியில் ஏசி ரூம். டைனிங் டேபிளில் சாப்பாடு, பவளமே பரிமாறுவாள். எங்களுக்கு மோட்டார் ரூம் பக்கத்தில் பேப்பர் தட்டு. தண்ணீர் வேண்டுமென்றால் தோட்டத்துக் குழாய். சுவரில் கை வைத்தவருக்கு மேஜை. தரையில் கை வைத்தவனுக்குத் தரைகூடக் கிடையாது.

காலேஜில் படிக்கும்போது கைலாசநாதர் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். சுண்ணாம்புப் பூச்சில் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிற நிறத்தைக் காட்டி, எந்த அரசன் காலம் என்று சொன்னார்கள். வரைந்தவன் பெயர் தெரியாதாம். தெரியாவிட்டால் போகட்டும். வேலை முடிந்த அன்றைக்கு அவன் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டான் என்று கேட்டேன். கூட வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை, அது சிலபஸில் இல்லை என்றார்.

இங்கே உத்திரமேரூரிலும் ஒரு சுவர் இருக்கிறது. ஊர்ச்சபையில் யார் உட்காரலாம் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். பஸ் வைத்து வந்து, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஜனநாயகம் என்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். யாருக்கு இலை, யாருக்கு இல்லை என்று எழுதிய சுவர். எனக்கு அது அவ்வளவுதான்.

"அம்மா, அது எறங்கிப் போயிடும், வுட்டுடுங்க," என்று என் அம்மா படிக்கட்டைப் பார்த்து, பவளத்திடம் சொன்னாள். என்னைச் சொல்கிறாள், பேய் மாதிரி.

நான் இறங்கிப் போகவில்லை. கூடத்து நடுவில் கிடந்த கோலத்தைக் காட்டினேன்.

அந்தத் தரையே சிவப்பும் வெள்ளையுமாகக் கல் சிப்ஸ் போட்டு, சிமெண்டில் இறுக்கி, கண்ணாடி மாதிரி தேய்த்தது. நடுவில் பித்தளைப் பட்டியை வளைத்து வளைத்துப் பதித்த பெரிய நெளிக்கோலம். புள்ளிக்குப் பச்சைக் கல். வந்தவர்களிடமெல்லாம், கைலாசநாதர் கோயில் சுவரிலிருந்து எடுத்த டிசைன் என்று தினேஷ்குமார் சொல்லிக்கொண்டிருந்தான். வரைந்தது நான். அது கோயில் டிசைன் இல்லை என்று என்னிடம் வாங்கும்போதே அவனுக்குத் தெரியும். ஒன்றும் பேசாதே என்று கண்ணைக் காட்டியிருந்தான்.

"இந்தக் கோலம் எந்தக் கோயில்லயும் இல்ல," என்றேன். "எங்கம்மா கிறிஸ்மஸுக்கு எங்க வூட்டு வாசல்ல போடற கோலம். அது உங்க நடுவூட்டுல உக்காரலாம், எங்க நைனா உக்காரக் கூடாதா?"

பவளம் படியில் எழுந்து நின்றாள். "இன்னாது? கிறிஸ்மஸ் கோலமா? தினேசு, இன்னாடா சொல்றா இவ?"

"ம்மா, டிசைன் டிசைன்தான். நீ உள்ள போ," என்றான் அவன். என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். "ஏஞ்சல், நீ கேட்டதுல ஒன்னும் தப்பு இல்ல. மொதல் பந்தி. டேனியல் அண்ணன், நீங்க வரீங்க. ப்ராமிஸ்."

நான் மெஷினை மறுபடி ஓட்டினேன்.

அன்று சாயந்திரம் வீட்டுக்குள் நுழைந்ததும் நைனா மட்டப்பலகையால் என்னை அடித்தார். மட்டம் பார்க்கிற நீளப் பலகை, தேக்கு. முதல் அடி தோளில். திரும்பியபோது இரண்டாவது முதுகில். நைனா கை நீட்டியதே கிடையாது. அதனால் எங்கே அடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. காதில் ஒன்று பட்டு ரத்தம் வந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் இன்னும் அடித்தார்.

"சின்னப்பையன் மாமனுக்கு பல்லு ஏன் இல்லன்னு தெரியுமாடி? டீக்கட பெஞ்சுல உக்காந்ததுக்கு. நீ பொஸ்தகத்துல படிச்சிருப்ப. நான் பாத்துக்கீறேன். கீய தள்ளி வாயில மிதிச்சாங்க."

"சார் ஒத்துக்கினாரு நைனா."

"அவன் ஒத்துக்கினா? அவன் ஆரு? சென்னையில இருக்கற வரைக்கும்தான் அவன் சாரு. இங்க வந்தா அவன் சுப்பிரமணி புள்ள."

அம்மா தடுக்கவில்லை. அவர் கை ஓய்ந்ததும் பலகையை வாங்கி மூலையில் சாய்த்தாள். என் காதில் மஞ்சள் வைத்து அழுத்திக்கொண்டு, "நான் சொன்னனா இல்லியா," என்று மட்டும் கேட்டாள்.

ஆனால் கிரகப்பிரவேசத்து அன்று, எங்களில் யாருக்கும் முன்னால் எழுந்து குளித்தவர் நைனா. கிறிஸ்மஸுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை அம்மாவிடம் இஸ்திரி போடச் சொன்னார். மீசையை ஒதுக்கினார். நகத்துக்குள் சேர்ந்திருந்த சிமெண்டை ஊக்கால் நோண்டி எடுத்தார். அவருக்கு அந்த இலை என்னைவிட அதிகமாக வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

விடிகாலையிலேயே வீடு நிறைந்திருந்தது. நாங்கள் பக்கவாட்டில், கூடத்து ஜன்னலுக்கு வெளியே நின்றோம். முதலில் மாடு, பிறகு சாமி படம், பிறகு உறவு, பிறகுதான் மற்றவர்கள். அது எல்லா வீட்டிலும் வழக்கம். எங்களுக்கும் தெரியும்.

ஜன்னல் வழியாகத் தரையைப் பார்த்தேன். நாங்கள் ஆசிட் பவுடர் போட்டுத் தேய்த்துக் கொடுத்த பளபளப்பு போதாது என்று, தினேஷ்குமார் முந்தின நாள் ஆள் வைத்து மெழுகு அடித்திருந்தான். ரீல் எடுக்க வேண்டுமாம். சுவரில் இருக்கிற யானையெல்லாம் தலைகீழாகத் தரையில் தெரிந்தது. வீடியோக்காரன் கோலத்துக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக் கேமராவை வைத்திருந்தான்.

மாடு ஓட்டிக்கொண்டு வந்தவர் சடையப்பன். அவருடைய வெள்ளைப் பசுதான் சுற்றுவட்டாரத்தில் எல்லாப் புதுவீட்டுக்கும் போகும். வாசற்படியிலேயே அவர் நின்றுவிட்டார்.

"கோணி போடுங்க சாமி. மாட்டுக் கொளம்பு இதுல நிக்காது."

"நடந்து அந்தப் பக்கம் போகட்டும்ணே. எடுத்து முடிச்சிட்டு கோணி போட்டுக்கலாம்," என்றான் தினேஷ்குமார்.

"சார், கோணி போடுங்க, வழுக்கும்," என்று நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். பவளம் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்வையே சரியில்லை. நைனா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. மாடு வைத்திருக்கிற குடும்பம் அது. ஈரச் சிமெண்டில் மாடு விழுந்தால் என்ன ஆகும் என்று சுப்பிரமணிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கோணி போட்டால் தரை தெரியாது, அவ்வளவுதான்.

மாடு முன்காலை வைத்தது. வைத்த கால் அப்படியே போனது. பயந்து பின்காலை உதறியது. பின்கால்கள் இரண்டும் இரண்டு பக்கம் பிளந்துகொண்டு போக, மொத்த எடையும் இடுப்பில் இறங்கியது. மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். மாடு கத்தியதை நான் இங்கே எழுத மாட்டேன். எழுந்திருக்கப் பார்த்து, கோலத்தின் மேலேயே சுற்றிச் சுற்றி வழுக்கியது. கலசம் கவிழ்ந்தது. ஹோமத்துக்கு அடுக்கிய செங்கல் சரிந்தது. வீடியோக்காரன் உருண்டு தப்பித்தான். பவளத்தால் முடியவில்லை. மாட்டின் கால் அவள் முழங்காலுக்குக் கீழே உதைத்தது, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வராததுதான் பாக்கி. வெளியே கன்று கதறியது. சாணமும் மூத்திரமும் ரத்தமும் அந்த மெழுகில் ஊறாமல், மேலேயே மிதந்து பரவின. நல்ல தரை அப்படித்தான். எதையும் குடிக்காது.

பவளம்தான் முதலில் பேசினாள். கீழே கிடந்தபடி கோலத்தைக் காட்டினாள்.

"அது மேல கால வச்சதும் வுழுந்திச்சி. கிறிஸ்தவக் கோலத்த நடுவூட்டுல பதிச்சி வச்சிட்டு போயிட்டாங்க பாவிங்க. அவ அன்னிக்கே வாய வச்சா."

"அய்யய்ய, மெழுகு சாமி, மெழுகு," என்றார் சடையப்பன். மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே சொன்னார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

பவளத்தின் தம்பி தாண்டவராயன் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துவிட்டான். அவனும் இன்னும் இரண்டு பேரும் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தார்கள். நைனா ஓடவில்லை. ஓடியிருக்க வேண்டும். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். வெள்ளைச் சட்டையின் கழுத்தைப் பிடித்து அவரை உள்ளே இழுத்துப் போனார்கள், கூடத்துக்கு. அன்றைக்கு அவர் உள்ளே போனது அப்படித்தான்.

"கூடத்துல உக்காரணும்னு கேட்டியாமே. உக்காருடா," என்று தாண்டவராயன் முட்டிக்குப் பின்னால் உதைத்தான். நைனா அந்த ஈரத்தில் விழுந்தார். எழுந்தார். வழுக்கியது, மறுபடி விழுந்தார். அவர்கள் சிரித்தார்கள். ஒருவன் தேங்காயால் முதுகில் அடித்தான், ஓடு உடைகிற வரைக்கும். முகத்தைப் பிடித்துக் கோலத்தில் அழுத்தினார்கள். பித்தளைப் பட்டியில் உதடு கிழிந்தது.

"நான் ஒன்னும் கேக்கலீங்க ஐயா. பொண்ணுதான் கேட்டிச்சி. நான் வாணாம்னு அடிச்சேங்க ஐயா, பலகையால அடிச்சேன், கேட்டுப் பாருங்க."

உண்மைதான். அவர் கேட்கவில்லை.

பின்னாலேயே ஓடிய அம்மாவைப் பக்கவாட்டுக் கதவிலேயே ஒருவன் முடியைப் பிடித்து நிறுத்திவிட்டான். நான் ஜன்னலை விட்டுவிட்டு முன்வாசல் வழியாக ஓடினேன். சடையப்பனைத் தாண்டி, மாட்டைத் தாண்டி. அரவிந்தன் தான் வரைந்த யானையோடு முதுகு ஒட்டி நின்றுகொண்டு கண்ணை மூடியிருந்தார். சுப்பிரமணி எழுந்திருக்கவே இல்லை. "போதும்டா, செத்துடப் போறான்," என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னார், யாரோ சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருப்பது போல.

தினேஷ்குமார் அதுவரை அடிக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அவன் வீடியோக்காரனிடம், "அழிச்சிட்டியா, அழிச்சிட்டியா," என்று கேட்டுக்கொண்டிருந்தான். தன் அம்மாவின் காலைப் பார்த்தான். மாட்டைப் பார்த்தான். பிறகு ஐயருக்குப் போட்டிருந்த மணையைத் தூக்கினான், பலா மரத்தில் செய்த கனமான மணை.

"உக்கார எடம்தானே கேட்டீங்க. இந்தா."

நைனாவின் வலது கை தரையில் விரிந்து கிடந்தது. மணையின் விளிம்பை அதன் மேல் இறக்கினான். நைனா கத்தவில்லை, மூச்சு உள்ளேயே நின்றுவிட்டது. இரண்டாவது தடவை தூக்கி அதே இடத்தில் இறக்கினான். அப்போதுதான் கத்தினார்.

பக்கத்தில் ஐந்து முகக் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் அதை எரிய எரியத் தூக்கினேன். மூன்றாவது தடவை மணை மேலே போனபோது தினேஷ்குமாரின் தலையில் அடித்தேன். விளக்கின் மேல்பாகம் கழன்று போய் யானையில் மோதியது. எண்ணெய் அவன் முகத்தில் வழிந்தது. அவன் மண்டியிட்டான். தண்டு மட்டும் என் கையில் இருந்தது, அதை வைத்தே மறுபடி அடித்தேன். தாண்டவராயன் என் வயிற்றில் உதைத்தான். நான் அவன் கையைக் கடித்தேன், சதை வாயோடு வருகிற வரைக்கும் விடவில்லை. அவன் என் தலையைச் சுவரில் மோதினான். சுவரில் அரவிந்தன் வரைந்த தாமரைக் குளத்தில் என் ரத்தம் இருக்கிறது. துடைத்திருப்பார்கள். சுண்ணாம்புப் பூச்சு, முழுதாகப் போகாது.

மாடு அன்று மாலை செத்தது.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில், எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "தரையில வழுக்கி வுழுந்துட்டேன்," என்றார் நைனா. உதடு தைத்த வாயால் அதை அவ்வளவு தெளிவாகச் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். வலது கையில் மணிக்கட்டும் மூன்று விரலும் பொடி. இனி சிமெண்டுக் கரண்டி பிடிப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னபோது நைனா தலையாட்டினார், நாளைக்கு மழை வரும் என்று சொன்ன மாதிரி.

காஞ்சிபுரத்தில் ஆல்பர்ட் என்று ஒரு வக்கீல். எங்கள் சபைக்கு வருகிறவர். அவரிடம் போனேன்.

"கிறிஸ்தவங்களுக்கு வன்கொடுமைச் சட்டம் செல்லாதும்மா. கொடுங்காயம்னு கேஸ் போடலாம். ஆனா அடிபட்டவரே வழுக்கி விழுந்தேன்னு சொல்லிட்டாரு. அப்போ சாட்சி நீதான். நீ அங்க இருந்தேன்னு சொன்னா, விளக்கால அடிச்சதும் வரும். அவனுக்குத் தலையில தையல். உன்மேலயும் கேஸ் விழும். கவர்மெண்ட் வேலைக்கு எழுதுறேன்னு சொன்னியே, கேஸ் இருந்தா அது என்ன ஆகும்னு தெரியும் இல்ல?"

"தெரியும்."

"யோசிச்சிட்டு வா."

யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் தாண்டவராயன் கையில் கட்டோடு எங்கள் தெருவுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. வேலிக்கு வெளியே நின்று நைனாவிடம் பேசினான். ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு அவர்கள் வீட்டில். கூடத்தில். எல்லோரோடும், முதல் பந்தியில். ராஜகுளத்தில் அவர்கள் கட்டுகிற கல்யாண மண்டபத்துக்கு முழுத் தரை வேலையும் நைனாவுக்குத்தான். கை சரியாகிற வரை ஆள் வைத்துச் செய்துகொள்ளலாம். போலீஸ் என்று யாரும் யார் மேலும் போகக் கூடாது.

அவன் போனதும் நைனா என்னைக் கூப்பிட்டார். "நீயும் வரணும். நீ வந்தாதான் ஒத்துக்குவாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆல்பர்ட்டுக்குப் போன் செய்து, மத்தியானம் ஸ்டேஷன் வாசலில் இருக்க முடியுமா என்று கேட்டேன். இருப்பதாகச் சொன்னார். பிறகு நைனாவோடும் அம்மாவோடும் சாப்பாட்டுக்குப் போனேன்.

முன்வாசல் வழியாகத்தான் விட்டார்கள். கூடத்தில் வாழை இலை வரிசையாகப் போட்டிருந்தது. நடுவில் கோலம் இல்லை. பித்தளையைப் பெயர்த்து எடுத்துவிட்டு வெறும் சிமெண்ட் பூசியிருந்தார்கள். மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. நைனா அதைப் பார்த்து முகம் சுளித்தார். "எந்தக் கயித பூசனான் இத," என்று அம்மாவிடம் முணுமுணுத்தார். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

சுப்பிரமணி நைனாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். தலையில் கட்டோடு தினேஷ்குமார் எதிர்வரிசையில். அவன் சொந்தக்காரன் ஒருவன் போனைப் பிடித்துப் படம் எடுத்தான். பவளம் காலில் மாவுக்கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மற்ற இலைகளுக்கு வீட்டுப் பெண்கள், எங்கள் இலைக்குச் சமையல்காரன் பரிமாறினான்.

"பார்த்தியா டேனியலு, நம்ம வூட்டுல வித்தியாசம் கெடையாது," என்றார் சுப்பிரமணி. "சின்னஞ்சிறுசுங்க, கோவத்துல கை வச்சிட்டாங்க. சாப்புடு."

நைனாவுக்கு இடது கையால் சாப்பிட வெட்கம். அந்தக் கூட்டத்தில் அதைச் செய்ய மாட்டார். அம்மா தன் இலையை விட்டுவிட்டு அவர் பக்கம் நகர்ந்து, சோற்றில் சாம்பாரைப் பிசைந்து வாயில் வைத்தாள். தையல் போட்ட உதட்டை மெல்லத் திறந்து வாங்கினார். கண் கலங்கியிருந்தது. வலியாலா, முதல் பந்தியாலா என்று எனக்குத் தெரியாது. எனக்கும் ஒரு இலை போட்டிருந்தார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"உக்காரு கண்ணு," என்றார் நைனா. "நீ கேட்டதுதானே. குடுத்துட்டாங்க. உக்காரு."

"நான் கேட்டப்போ உன் கை நல்லா இருந்திச்சி நைனா."

போன் பிடித்தவன் போனை இறக்கினான்.

"ஏஞ்சல்," என்றான் தினேஷ்குமார். குரலை ரொம்ப மெதுவாக வைத்துக்கொண்டான், ஆபீஸில் பேசுகிற மாதிரி. "நீ படிச்ச பொண்ணு. என் தலைய பாரு. நானும் ஸ்டேஷனுக்குப் போலாம். போவல. உன் வேலை, உன் எக்ஸாம், எல்லாம் யோசிச்சிதான் போவல. உனக்கு நல்லதுதான் பண்றேன்."

"போங்க சார்," என்றேன். "நான் உங்களுக்கு முன்னாடி போறேன். உங்க மண்டைய வெளக்கால ஒடச்சது நான்தான்னு அங்க நானே சொல்லிடறேன். உங்களுக்கு அந்த வேல கூட மிச்சம். மத்தத நீங்க சொல்லிக்கங்க, மணைய எத்தினி தடவ எறக்கினீங்கன்னு."

"டேனியலு, பொண்ண அடக்கு," என்றார் சுப்பிரமணி.

நைனா எழுந்திருக்கப் பார்த்தார். வலது கையை ஊன்ற முடியாது, அது அவருக்கு இன்னும் பழகவில்லை. ஊன்றி, துடித்து, மறுபடி உட்கார்ந்தார். "வாணாம்மா. நான் வழுக்கித்தான் வுழுந்தேன்னு சொல்லுவேன். கோர்ட்டுலயும் அதான் சொல்லுவேன். ஒன்ன மட்டும் உள்ள தள்ளிடுவாங்க."

"சொல்லு நைனா. நான் பாத்தத நான் சொல்றேன்."

அம்மாவைப் பார்த்தேன். கேட்கக் கூடாது என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவள் அவள். அடுத்த கவளத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"பஸ்சு போயிடப் போவுது," என்றாள்.

நான் இலைகளுக்கு நடுவே நடந்தேன். மெழுகைச் சுரண்டி எடுத்திருந்தார்கள், கால் வழுக்கவில்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டேன். உள்ளே சுப்பிரமணி யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒருவன் எழுந்து வருகிற சத்தம் கேட்டது. நான் நடையைக் கூட்டவில்லை. கேட்டைத் திறந்து ரோட்டில் இறங்கி, ஆல்பர்ட்டுக்குப் போன் போட்டுக் கிளம்பிவிட்டேன் என்றேன்.